இமை மூடாத கண்ணுக்கு ஒரு குறியீடு: நோய்ப் பதிவில் போர்க் காயம் எப்படித் தொலைகிறது?

உறங்கும்போதும் கண் முழுமையாக மூடாத நிலையை மருத்துவத்தில் ‘லாகோப்தல்மோஸ்’ என்கிறார்கள். கிரேக்க மொழியில் ‘முயல் கண்’ என்று பொருள். முயல் கண்ணைத் திறந்தபடியே தூங்கும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்த பெயர் இது. எறிகணைச் சிதறலால் முக நரம்பு அறுபட்டவர்கள், முகத்தில் தீக்காயப்பட்டவர்கள், முகவாதம் வந்தவர்கள், தொழுநோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரிடம் இதைக் காணலாம்.

இந்த நிலை வைத்தியசாலைப் பதிவில் எந்தக் குறியீட்டோடு ஏறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் சிகிச்சைக்கான பணம் கிடைப்பதும் மறுக்கப்படுவதும் அந்தக் குறியீட்டில் தங்கியிருக்கிறது. எம் நாட்டில் அதில் தங்கியிருப்பது வேறொன்று: போர் தந்த காயம், போர் தந்ததாகவே கணக்கில் வருமா என்பது.

ஏன் இது சிறிய குறை அல்ல

இமை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணீர் கண்ணின் மேல் பரவுகிறது. இமை மூடாவிட்டால் கண்ணின் முன்புறத்திலுள்ள தெளிவான படலமான விழிவெண்படலம் வறண்டு, புண்ணாகி, தழும்பாகி, இறுதியில் பார்வையே போகலாம். கண்ணின் தொடு உணர்வையும் இழந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். புண் வந்தாலும் அவர்களுக்கு வலி தெரியாது. பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளிகள், இரவில் களிம்பு, இமையை ஒட்டி வைத்தல் ஆகியவை முதற்கட்டச் சிகிச்சைகள். அவை போதாதபோது இமை ஓரங்களைச் சேர்த்துத் தைப்பார்கள், அல்லது மேல் இமைக்குள் சிறிய தங்க எடையை வைத்து அது தானாகக் கீழிறங்கச் செய்வார்கள்.

ஒரு நோய், ஒரு குறியீடு

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டின் 10ஆவது பதிப்பு, அதாவது ஐ.சி.டி-10, 1990 மே மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டாலும் 10ஆவது பதிப்பின் பயன்பாடு இன்னும் பரவலாக உள்ளது. அதில் இமை மூடாமைக்கான குறியீடு எச்02.2. எந்தக் கண், என்ன காரணம் என்பதை இந்தக் குறியீடு சொல்லாது. இமை மூடவில்லை என்பதை மட்டும் சொல்லும்.

அமெரிக்காவில்: குறியீடு பிழைத்தால் பணம் இல்லை

அமெரிக்கா இதே வகைப்பாட்டைத் தன் தேவைக்கு விரித்து, 2015 ஒக்டோபர் 1 முதல் பயன்படுத்துகிறது. அங்கே எச்02.21 என்றால் தழும்பு இழுப்பதால் வந்தது, எச்02.22 என்றால் பொறிமுறைத் தடையால் வந்தது, எச்02.23 என்றால் நரம்பு செயலிழந்ததால் வந்தது. ஆறாவது இலக்கம் எந்த இமை என்பதைக் காட்டும். வலது மேல் இமை நரம்புச் செயலிழப்பால் மூடாவிட்டால் எச்02.231, இடது மேல் இமையானால் எச்02.234. ஒரு கண்ணின் மேல், கீழ் இமைகள் இரண்டையும் அல்லது இரு கண்களையும் சேர்த்துக் குறிக்க ஏ, பி, சி என முடியும் குறியீடுகள் 2018 ஒக்டோபரில் சேர்க்கப்பட்டன.

செய்த சிகிச்சைக்கு வேறொரு குறியீடு உண்டு. மேல் இமையில் எடை வைக்கும் சத்திரசிகிச்சைக்கு 67912. அதனுடன் வலது மேல் இமையைக் குறிக்கும் ‘ஈ3’ என்ற சேர்க்கையும் வரும். நோய்க் குறியீடு இடது கண்ணையும் சிகிச்சைக் குறியீடு வலது கண்ணையும் சொன்னால் காப்புறுதி நிறுவனம் கட்டணத்தை மறுக்க அதுவே போதும். இமைச் சத்திரசிகிச்சை அழகுக்காகச் செய்யப்பட்டதோ என்ற கேள்வியும் எழும். இமைகளுக்கிடையிலான இடைவெளி எத்தனை மில்லிமீற்றர், விழிவெண்படலம் எந்த நிலையில் இருந்தது, முன்பு என்ன மருந்து பாவிக்கப்பட்டது என்ற குறிப்புகளே அதற்குப் பதில்.

இலங்கையில்: கட்டணம் இல்லை, கணக்கு உண்டு

அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஆகவே குறியீடு எமக்குத் தேவையற்றது என்று தோன்றலாம். ஆனால் விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரின் நோய்கள் ஐ.சி.டி-10 குறியீடுகளாக மாற்றப்பட்டே தேசியப் புள்ளிவிவரத்துக்குச் செல்கின்றன. வைத்தியர் எழுதியதை வைத்துத்தான் பதிவுப் பிரிவினர் குறியீடு இடுகிறார்கள். எழுதப்படாத காரணத்துக்கு அவர்களால் குறியீடு இட முடியாது.

இன்னொரு இடைவெளியும் உண்டு. இந்தப் புள்ளிவிவரம் விடுதி நோயாளிகளுக்கானது. கிளினிக்கில் துளி மருந்து மட்டும் வாங்கிச் செல்பவரின் கண் இந்தக் கணக்கில் இல்லை.

போருக்கும் குறியீடு உண்டு

ஐ.சி.டி-10 போரை மறக்கவில்லை. போர் நடவடிக்கையால் வந்த காயத்தின் காரணத்தைக் குறிப்பது ஒய்36. அதற்குள் ஒய்36.2 எறிகணை, கண்ணிவெடி போன்ற வெடிப்புகளையும் சிதறல்களையும் குறிக்கும். போர் முடிந்த பின்னர், போரின்போது புதைக்கப்பட்ட வெடிபொருள் வெடித்துக் காயப்பட்டால் ஒய்36.8.

காயம் நடந்து ஓராண்டோ அதற்கு மேலோ கடந்து நீடிக்கும் விளைவுகளுக்கு வேறு குறியீடுகள் உள்ளன. மண்டை நரம்புக் காயத்தின் பின்விளைவு ரி90.3. தலை, கழுத்துத் தீக்காயத்தின் பின்விளைவு ரி95.0. போர் நடவடிக்கையின் பின்விளைவு ஒய்89.1.

2009இல் எறிகணைச் சிதறலால் முக நரம்பு சேதமடைந்து, இன்றும் கண் மூடாத ஒருவரின் பதிவு எச்02.2, ரி90.3, ஒய்89.1 என மூன்று குறியீடுகளாக அமையலாம். முதலாவது மட்டும் எழுதப்பட்டால், அவரும் கடந்த மாதம் முகவாதம் வந்தவரும் கணக்கில் ஒரே வரியாகிவிடுவார்கள்.

காயத்தின் காரணத்தைச் சொல்லத் தயங்குவோர் எம்மிடையே உண்டு. தழும்பே சந்தேகத்துக்குக் காரணமாக இருந்த காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இயல்பானது. இந்தக் குறியீடுகள் எந்தத் தரப்பு சுட்டது, காயப்பட்டவர் யார் என்று கேட்பதில்லை என்பதை அவர்கள் அறிந்திருப்பது நல்லது. ஒய்36 பெரும்பாலும் ஆயுதத்தின் வகையையே பிரிக்கிறது.

அட்டையில் பார்க்க வேண்டியவை

நோய் நிர்ணய அட்டையில் குறியீடு இருக்க வேண்டும் என்பதில்லை. சொற்கள் சரியாக இருந்தால் குறியீட்டை எப்போதும் கண்டுபிடிக்கலாம். வைத்தியர் எழுதும்போது இவை இடம்பெறுமாறு கேளுங்கள்:

- எந்தக் கண், எந்த இமை
- காரணம்: நரம்புச் சேதமா, தழும்பா, வேறா
- முதற்காயம் எப்போது, எதனால் ஏற்பட்டது
- விழிவெண்படலத்தின் நிலையும் பார்வை அளவும்
- இதுவரை பெற்ற சிகிச்சை

2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இழப்பீட்டுக்கான அலுவலகத்தை நாடினாலும், தனியார் வைத்தியசாலைச் செலவைக் காப்புறுதியிடம் கோரினாலும், வெளிநாட்டில் சிகிச்சை தொடர்ந்தாலும், பழைய காயத்தை இன்றைய கண்ணோடு இணைத்துக் காட்டும் எழுத்துப் பதிவு கைகொடுக்கும். அட்டையின் பிரதிகளை எடுத்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள். இடம்பெயர்வில் ஆவணம் தொலைப்பது எப்படி இருக்கும் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வீட்டில் யாருக்காவது முகக் காயமோ முகவாதமோ இருந்தால், அவர் உறங்கும்போது ஒருமுறை கண்ணைக் கவனியுங்கள். இமைகளுக்கிடையில் வெண்மை தெரிந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை வைத்திருக்காமல் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். சிவப்பு, வலி, பார்வை மங்கல் இருந்தால் அன்றே செல்லுங்கள்.