லிங்கன் தோத்த தேர்தலும் ஒரு கோடி டாலர் கடனும்

லிங்கன்னு சொன்னா அடிமை ஒழிப்பு, உள்நாட்டுப் போர், தாடி, உயரமான தொப்பி இதெல்லாம்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா மனுஷன் அரசியலுக்கு வந்தது ஆறு, ரயில், வட்டி, வரின்னு உள்ளூர் சமாச்சாரம் பேசித்தான். இந்தப் பதிவு அந்த லிங்கனைப் பத்தி.

1832 மார்ச். இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம்னு ஒரு குக்கிராமம். அங்கே கடையில் வேலை பார்த்த 23 வயசு லிங்கன், மாநில சட்டமன்றத்துக்கு நிக்கப்போறேன்னு பத்திரிகையில் அறிக்கை விட்டார். ரயில் வந்தா நல்லதுதான், ஆனா இல்லினாய் ஆற்றிலிருந்து ஜாக்சன்வில் வழியா ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பாதை போட 2,90,000 டாலர் ஆகுமாம், நமக்குக் கட்டுப்படியாகாது. அதுக்குப் பதிலா சங்கமன் ஆற்றைப் படகு போற மாதிரி சீர்படுத்துவோம் என்றார். அநியாய வட்டியைத் தடுக்க சட்டம் வேணும், எல்லாத்தையும் விட முக்கியம் கல்வி என்றும் எழுதினார்.

ஆகஸ்டில் தேர்தல். 13 பேரில் எட்டாவது இடம். ஆனா சொந்த ஊரில் மட்டும் 300 ஓட்டில் 277 அவருக்கு!

1834-ல் ஜெயிச்சார். 1836-ல் விட்ட அறிக்கை ரொம்பச் சின்னது. வரி கட்டுற அல்லது ஆயுதம் ஏந்துற வெள்ளையர் எல்லாருக்கும் ஓட்டு, பெண்களையும் ஒதுக்காமல். (வெள்ளையருக்கு மட்டும்தான், கவனிங்க.) அடுத்து, மத்திய அரசு நிலம் விற்கும் பணத்தில் மாநிலங்களுக்குப் பங்கு கிடைக்கணும், அதை வச்சு கடன் வாங்காம, வட்டி கட்டாம கால்வாயும் ரயிலும் போடலாம். இந்த முறை 17 பேரில் முதலிடம்.

"கடன் வாங்காம"ங்கறதை ஞாபகம் வச்சுக்குங்க.

1837 பிப்ரவரியில் ஒரு கோடி டாலருக்கு மேல் திட்டம் போட்டது சட்டமன்றம். முழுக்கக் கடனை நம்பி. லிங்கனும் கை தூக்கினார். மே மாசமே நாடு முழுக்க பணநெருக்கடி. 1840-க்குள் வேலைகள் நின்னுபோச்சு. கொஞ்ச நாளில் வட்டி கட்டவும் வழியில்லை.

காசுக்கு எங்கே போறது? 1839-ல் நிலவரியை மாத்தினாங்க. அதுவரை ஏக்கர் 50, 100 டாலர் பெறுற நிலத்துக்கும் 5 டாலர் நிலத்துக்கும் ஒரே வரி. இனிமே மதிப்புக்கு ஏத்த வரி. லிங்கன் இதை ஆதரிச்சு ஒரு கடிதம் எழுதினார். சுமை பல ஏழைகள் மேல் விழாது, சில பணக்காரர்கள் மேல்தான் விழும். அவங்க புலம்பினாலும் தேர்தலை மாத்துற அளவுக்கு அவங்க எண்ணிக்கை இல்லைன்னு அதில் சொல்றார். நியாயமும் ஓட்டுக் கணக்கும் ஒரே மூச்சில்!

இனிதான் வேடிக்கை. போட்ட ரயில் திட்டங்களில் உருப்படியா முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு. இல்லினாய் ஆற்றங்கரையிலிருந்து ஜாக்சன்வில் வழியா ஸ்பிரிங்ஃபீல்டு வரை. ஆமாங்க, கட்டுப்படியாகாதுன்னு 1832-ல் அவரே சொன்ன அதே பாதை! 1847-ல் அதையும் அடிமாட்டு விலைக்கு வித்தாங்க. கடனோ 1880-கள் வரைக்கும் இழுத்துச்சு. லிங்கன் சுடப்பட்டது 1865-ல்.

தோத்த லிங்கன் போட்ட கணக்கு சரி. ஜெயிச்ச லிங்கன் அதை மறந்துட்டார். ஊரே ரயில் கனவில் இருக்கும்போது ஒருத்தர் மட்டும் வேணாம்னு சொல்றது கஷ்டம்தான். ஆனா கடன் ஏறினப்போ வரியைப் பத்தி வெளிப்படையாப் பேசினாரே, அதுக்காக எனக்கு அவரைப் பிடிக்குது. உங்களுக்கு?