ஒரு பவுண்டு பங்கு

கிளாஸ்கோ வாடகைப் போராட்டம்னாலே எல்லாரும் 1915ஐத்தான் சொல்வாங்க. கோவன் பகுதியில் மேரி பார்பர் திரட்டிய பெண்கள், அந்த ஆண்டே வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். சரிதான். ஆனா எனக்கு அதைவிட சுவாரசியமாப் படுறது 1970கள்.

பழைய கல் கட்டடங்களை மாநகராட்சி இடிச்சுத் தள்ளிக்கிட்டிருந்த காலம். பல வீடுகளுக்குள் கழிப்பறை கிடையாது. மாடிப்படித் திருப்பத்தில் சில குடும்பங்களுக்குச் சேர்த்து ஒண்ணு. இடிக்காமலே செப்பனிடலாம் என்று தெருவாசிகள் சங்கம் அமைத்தார்கள். 1974 வீட்டுவசதிச் சட்டம் அரசு மானியத்துக்கு வழி செய்தது.

ஒரு பவுண்டு கொடுத்தால் உறுப்பினர். நிர்வாகக் குழுவுக்கும் நிற்கலாம். சம்பளம் கிடையாது. பகலெல்லாம் வேலை, சாயங்காலம் ஒப்பந்தக்காரர் கணக்கு. வாடகையை ஏற்றும் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர், மறுநாள் அதே படிக்கட்டில் எதிர்வீட்டம்மா முகத்தைப் பார்த்தாகணும். இதைப் 'பங்கேற்பு' என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனசு வரலை.

டெனிஸ்டனில் 1975இல் தொடங்கிய ரீட்வேல் சங்கத்தை, பெரிய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம் என்று பின்னாளில் அதன் குழுவே பரிந்துரைத்தது. 2024 ஜனவரியில் வாடகைதாரர்களின் ஓட்டு எண்ணப்பட்டது. வேண்டாம்னுட்டாங்க. அப்போ குழுவில் உட்கார அவங்கள்லேர்ந்துதானே ஆள் வரணும்?