இடுப்பு வலியும் இஸ்லாமிய மருத்துவர்களும்

'இர்க்குன் நஸா' என்பது அரபு மருத்துவ நூல்களில் பலகாலும் பயின்று வரும் ஒரு நோயின் பெயர். இடுப்பில் தோன்றி, தொடையின் பின்புறமாக இறங்கி, குதிகால்வரை இழுக்கும் வலியை அது குறிக்கும். யூனானி ஹகீம்கள் இன்றும் இப்பெயரையே வழங்குகின்றனர். இப்னுமாஜாவின் ஹதீஸ் தொகுப்பிலும் இந்நோய்க்கான மருந்தொன்று இடம்பெற்றுள்ளது. சுமை தூக்குவோரையும் அமர்ந்து கணக்கெழுதுவோரையும் ஒருங்கே வாட்டும் இவ்வலியை நம் முன்னோர் எங்ஙனம் எதிர்கொண்டனர்?

ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரருகே வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (936–1013) எழுதிய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகங்களைக் கொண்ட பெருநூல். அதன் இறுதிப் பாகம் அறுவை மருத்துவம் பற்றியது. இடுப்பு வலிக்கும் முதுகு வலிக்கும் சூட்டுக்கோலால் சூடு போடும் முறையை அதில் அவர் விளக்குகிறார். எனினும் எல்லா முதுகு வலிக்கும் சூடு போடச் சொன்னாரல்லர். கீழே விழுதல், அடிபடுதல் எனக் காரணங்கள் பலவாதலின், குளிர்ந்த நீர்மத்தால் வந்த வலிக்கு மட்டுமே சூடு பொருந்தும் என்று வரையறுத்தார். பிற மருத்துவங்கள் பயனளிக்காதபோதே சூட்டுக்கோல் என்பது அவர் கொண்ட முறை. சூடு போடுவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்னும் ஹதீஸ் புகாரியில் உள்ளமையும் இங்கு நினைவு கூரத்தக்கது.

இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலின் முதற்பகுதியில் உடல்நலம் பேணும் வழிகளைக் கூறுங்கால், உடற்பயிற்சியை முதலிலும், உணவையும் உறக்கத்தையும் அதன் பின்னரும் வைத்தார். 1465ஆம் ஆண்டில் துருக்கியின் அமாஸ்யா நகர் மருத்துவர் ஷரஃபுத்தீன் ஸாபுன்ஜூ ஒக்லு, ஸஹ்ராவீயைப் பின்பற்றித் துருக்கி மொழியில் ஓர் அறுவை மருத்துவ நூலை யாத்தார். மருத்துவர், நோயாளி இருவரையும் வண்ண ஓவியங்களில் காட்டும் அந்நூலிலும் இடுப்பு வலிக்கான சூட்டு மருத்துவம் உண்டு.

இன்றைய அறிவு முழுவதையும் அன்றே நம்மவர் கண்டுவிட்டனர் எனப் பெருமை பேசுவோர் உளர். அது வரலாறாகாது. குளிர்ந்த நீர்மம் என்னும் கொள்கை நிலைபெறவில்லை. கால்வரை இழுக்கும் வலி நரம்பிலிருந்தும் எழக்கூடும் என்பதை இத்தாலியரான கொத்துன்யோ 1764இல் தனித்துக் காட்டினார். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை அமெரிக்கரான மிக்ஸ்டரும் பாரும் 1934இல் விளக்கினர்.

ஐரோப்பிய மருத்துவமும் வழுவாது நடந்ததன்று. நெடுநாள் படுக்கையில் கிடத்தலே மருந்தென்று அதுவும் நம்பிற்று. ஏழு நாள் படுத்தோரினும் இரண்டே நாள் படுத்தோர் விரைவில் பணிக்குத் திரும்பியதை 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வலி பொறுக்குமளவு அன்றாட அலுவல்களைத் தொடர்ந்தோரே விரைந்து தேறினர் என்று 1995இல் பின்லாந்து ஆய்வு உரைத்தது. மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் இடுப்பு வலிக்கு, நோயைப் பற்றிய விளக்கத்தையும் உடற்பயிற்சியையும் 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டையையும், உடலை இழுத்துக் கட்டும் முறையையும், அபினி வகை மருந்துகளையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாமென்றது.

ஆகவே, நாம் போற்ற வேண்டியது ஸஹ்ராவீயின் சூட்டுக்கோலை அன்று. காரணத்தை ஆராய்ந்து, மென்மையானதை முதலிலும் கடுமையானதை இறுதியிலும் வைத்த அவருடைய ஒழுங்கையே. அவ்வொழுங்கு நமக்கு இன்றும் பொருந்தும். காலில் வலுக்குறைதல், மர்ம உறுப்புப் பகுதி மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடக்க இயலாமை, காய்ச்சல் ஆகியவை வலியுடன் தோன்றின் அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும். ஏனையோர் அஞ்சிப் படுக்கையில் ஒடுங்காது, சிறிது சிறிதாக நடந்து பழகுக. பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில் தணியும் இயல்புடையது. ஐவேளையும் குனிந்து நிமிரும் சமுதாயத்திற்கு உடலசைவு புதிதன்று. வலி மிகும்போது அமர்ந்து தொழவும் மார்க்கம் இடந்தந்துள்ளது.