ஐக்கிய அமெரிக்கப் பெரு வான்சேவை நிறுவனங்களில் விமானிப் பணிச் சேர்க்கை

ஐக்கிய அமெரிக்கப் பெரு வான்சேவை நிறுவனங்களில் விமானிப் பணிச் சேர்க்கை என்பது அமெரிக்கன், டெல்ட்டா, யுனைட்டெட், சவுத்வெஸ்ட் முதலிய நிறுவனங்கள் தம் வானூர்திகளை இயக்கும் விமானிகளைத் தெரிவு செய்யும் நடைமுறையைக் குறிக்கும். உரிமம், பறப்பு நேரம், உடற்தகுதி ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவுகளைக் கூட்டாட்சி வான்பயண நிர்வாகம் விதிக்கிறது. அவற்றுக்கு மேற்பட்ட தகுதிகளை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்துக்கொள்கிறது. பணியில் சேரும் நாள் ஒரு விமானியின் பதவி உயர்வு, தளம், விடுமுறை, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றை ஓய்வு பெறும் வரை தீர்மானிக்கிறது. இதனால் இவ்விண்ணப்பம் பிற தொழில்களின் வேலை விண்ணப்பங்களிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது.

வகைப்பாடு

ஆண்டு வருவாய் 100 கோடி டாலருக்கு மேற்பட்ட வான்சேவை நிறுவனத்தை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை பெரு நிறுவனம் என வகைப்படுத்துகிறது. எனினும் விமானிகளிடையே இச்சொல், தம் சொந்தப் பெயரில் பயணச்சீட்டு விற்றுப் பெரிய தாரை வானூர்திகளை இயக்கும் நிறுவனங்களையே குறிக்கிறது. அவற்றுக்காகச் சிறிய வானூர்திகளை ஒப்பந்த அடிப்படையில் இயக்குபவை வட்டார வான்சேவை நிறுவனங்கள் எனப்படும். பெரும்பாலான குடிசார் விமானிகள் முதலில் வட்டார நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பின்னரே பெரு நிறுவனத்திற்கு விண்ணப்பிக்கின்றனர்.

பணிமூப்பு முறை

ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா விமானிகளும் பணியில் சேர்ந்த நாளின் வரிசையில் ஒரே பட்டியலில் எண்ணிடப்படுகின்றனர். ஒரே நாளில் சேர்ந்தவர்களின் வரிசை சில நிறுவனங்களில் அகவையைக் கொண்டும், வேறு சிலவற்றில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் இறுதி இலக்கங்களைக் கொண்டும் முடிவு செய்யப்படுகிறது. எந்த நகரைத் தளமாகக் கொள்வது, எவ்வகை வானூர்தியை இயக்குவது, எப்போது தலைமை விமானியாவது, எந்த மாதத்தில் விடுப்பு எடுப்பது ஆகிய அனைத்தும் இவ்வெண்ணின்படியே கிடைக்கின்றன. ஆட்குறைப்பு நேரும்போது பட்டியலின் அடியில் இருப்பவர்களே முதலில் நீக்கப்படுகின்றனர்.

இவ்வெண்ணை வேறு நிறுவனத்திற்கு எடுத்துச் செல்ல இயலாது. இருபது ஆண்டு அனுபவமுள்ள தலைமை விமானியும் புதிய நிறுவனத்தில் பட்டியலின் கடைசியில் துணை விமானியாகவே தொடங்க வேண்டும். நிறுவனங்கள் இணையும்போது இரு பட்டியல்களை ஒன்றாக்குவது கடும் பூசல்களுக்கு இடமளித்துள்ளது. 2005இல் யு.எஸ். ஏர்வேய்சும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தபோது எழுந்த இத்தகைய பிணக்கு பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

வான்சேவை விமானிகளின் கட்டாய ஓய்வு அகவை நீண்ட காலம் 60 ஆக இருந்து, டிசம்பர் 2007இல் 65 ஆக உயர்த்தப்பட்டது. இதன்படி 30 அகவையில் சேர்பவருக்கு 35 பணியாண்டுகளும் 45 அகவையில் சேர்பவருக்கு 20 ஆண்டுகளும் மட்டுமே உள்ளன.

அடிப்படைத் தகுதிகள்

விண்ணப்பதாரரிடம் பொதுவாகப் பின்வருவன எதிர்பார்க்கப்படுகின்றன.

- வான்சேவைப் போக்குவரத்து விமானிச் சான்றிதழ். இது ஏ.டி.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும். இதற்கான குறைந்தபட்ச அகவை 23 ஆகும்.
- முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். முதல் வகுப்புத் தகுதி 40 அகவைக்குக் குறைந்தவருக்கு 12 மாதங்களும், மற்றவருக்கு 6 மாதங்களும் செல்லுபடியாகும்.
- ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றும் சட்ட உரிமையும், பிற நாடுகளுக்குச் சென்று திரும்ப உதவும் கடவுச்சீட்டும்.
- வானொலித் தொடர்புக்கான அனுமதி.

நான்காண்டுப் பட்டப்படிப்பு சட்டப்படி தேவையில்லை எனினும், பெரு நிறுவனங்கள் நீண்ட காலம் அதனை எதிர்பார்த்து வந்தன. டெல்ட்டா நிறுவனம் இதனைக் கட்டாயத் தகுதிகளிலிருந்து 2022இல் நீக்கியது.

1500 மணி நேர விதி

பெப்ரவரி 12, 2009 அன்று கொல்கன் ஏர் 3407 என்னும் வட்டாரச் சேவை வானூர்தி நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகர் அருகே வீழ்ந்தது. வானூர்தியில் இருந்த 49 பேரும் தரையில் இருந்த ஒருவரும் உயிரிழந்தனர். வேகக் குறைவை உணர்த்தும் எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறாக எதிர்வினையாற்றியதே காரணம் என விசாரணை முடிவு செய்தது. அவர் தாம் முன்னர் தோல்வியுற்ற சில பறப்புத் தேர்வுகளைத் தம் வேலை விண்ணப்பத்தில் குறிப்பிடவில்லை என்பதும் தெரியவந்தது.

இறந்தவர்களின் குடும்பத்தினர் மேற்கொண்ட தொடர் முயற்சியின் விளைவாக ஆகஸ்ட் 2010இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அதுவரை வணிக விமானி உரிமத்துடன் ஏறத்தாழ 250 மணி நேரம் பறந்தவர் துணை விமானியாகலாம். 2013இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி துணை விமானிக்கும் ஏ.டி.பி. சான்றிதழ் கட்டாயமாயிற்று. இதற்கு 1500 மணி நேரப் பறப்பு தேவை. படைத்துறை விமானிகளுக்கு 750 மணி நேரமும், ஏற்பளிக்கப்பட்ட வான்பயணக் கல்வியில் நான்காண்டுப் பட்டம் பெற்றோருக்கு 1000 மணி நேரமும், ஈராண்டுப் பட்டம் பெற்றோருக்கு 1250 மணி நேரமும் போதுமானவை. இவ்வாறு பெறப்படும் சான்றிதழ் வரையறுக்கப்பட்டது. இதனை 21 அகவையில் பெறலாம். ஆனால் இதனைக் கொண்டு துணை விமானியாக மட்டுமே பணியாற்ற இயலும்.

கொல்கன் வானூர்தியின் இரு விமானிகளும் 1500 மணி நேரத்திற்கு மேல் பறந்தவர்கள். எனவே இவ்விதி விபத்தின் உண்மையான காரணத்தைத் தீர்க்கவில்லை எனவும், ஆட்பற்றாக்குறைக்கு வழிகோலுகிறது எனவும் வட்டார நிறுவனங்கள் வாதிடுகின்றன. விமானிகள் சங்கங்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் இவ்விதியைத் தளர்த்தக் கூடாது எனக் கூறி வருகின்றனர்.

பறப்பு நேரம் ஈட்டும் வழிகள்

குடிசார் வழியில் பயில்பவர் பயிற்சிக்காக ஏறத்தாழ ஒரு இலட்சம் டாலர் செலவிட நேரிடுகிறது. உரிமம் பெற்ற பின்னர் பலர் பறப்புப் பயிற்றுநராகப் பணியாற்றி மணி நேரங்களைச் சேர்க்கின்றனர். விளம்பரப் பதாகை இழுத்தல், வான்வழி ஒளிப்படம் எடுத்தல், சிறு சரக்கு வானூர்திகளை ஓட்டுதல் ஆகியனவும் வழக்கிலுள்ளன. படைத்துறை வழியில் பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. ஆயினும் வான்படை விமானி பயிற்சி முடித்த பின் 10 ஆண்டுகள் பணியாற்றக் கடமைப்பட்டவர். ஆதலால் அவர் நிறைந்த அனுபவத்துடன், ஆனால் சற்றுக் காலந்தாழ்ந்தே பணிமூப்புப் பட்டியலில் இடம்பெறுகிறார்.

விண்ணப்பமும் நேர்காணலும்

விண்ணப்பம் இணையவழிப் படிவமாகும். இதில் பறப்பு நேரங்கள் வானூர்தி வகை, பகல், இரவு, கருவிவழிப் பறப்பு எனப் பிரித்துத் தரப்பட வேண்டும். தோல்வியுற்ற தேர்வுகள், விபத்துகள், விதிமீறல்கள், முந்தைய பணிகள் ஆகியனவும் கேட்கப்படும். விண்ணப்பதாரர்கள் மணி நேரங்கள் கூடுந்தோறும் படிவத்தை இற்றைப்படுத்துகின்றனர். நிறுவனத்தில் பணியாற்றும் விமானிகளின் பரிந்துரைக் கடிதங்களும், விமானிகள் அமைப்புகள் நடத்தும் வேலைவாய்ப்புக் கண்காட்சிகளும் அழைப்புப் பெற உதவுகின்றன.

நேர்காணலை மனிதவளத் துறையினரும் பணியிலுள்ள விமானிகளும் சேர்ந்து நடத்துவர். பறப்புப் பதிவேடு படிவத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படும். விதிகள், வானிலை, வரைபடம் பற்றிய வினாக்களுடன், முன்னர் எதிர்கொண்ட இக்கட்டான சூழ்நிலைகளும் உடன் பணியாற்றியவர்களோடு ஏற்பட்ட கருத்து வேறுபாடுகளும் விரிவாகக் கேட்கப்படும். சில நிறுவனங்கள் அறிதிறன் தேர்வும் உளவியல் தேர்வும் நடத்துகின்றன. தேர்ச்சி பெற்றவருக்கு நிபந்தனையுடன் கூடிய பணி வாய்ப்பு வழங்கப்படும். போதைப்பொருள் சோதனை, கைரேகை வழியிலான குற்றப் பின்னணிச் சோதனை ஆகியவற்றுக்குப் பின்னரே அது உறுதியாகும்.

முந்தைய பணிப் பதிவுகள்

டிசம்பர் 13, 1994 அன்று வட கரொலைனாவின் ராலே நகர் அருகே அமெரிக்கன் ஈகிள் 3379 வீழ்ந்து 15 பேர் இறந்தனர். அதன் தலைமை விமானி முந்தைய நிறுவனத்தில் குறைபாடுடையவராகக் கருதப்பட்டவர் என்பது புதிய நிறுவனத்திற்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தகைய விபத்துகளைத் தொடர்ந்து, பணியில் சேர்ப்பதற்கு முன் பழைய நிறுவனத்திடமிருந்து பதிவுகளைப் பெறுவது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென மின்னணுத் தரவுத்தளம் ஒன்றை அமைக்கப் பணித்தது. அதற்கான இறுதி விதி 2021இல் வெளியானது. எனவே தேர்வில் தோல்வியுற்றதை விட, அதனை மறைத்ததே இன்று விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்கு உறுதியான காரணமாகக் கருதப்படுகிறது.

பாகுபாடும் மார்லன் கிரீன் வழக்கும்

பெரு நிறுவனங்களின் விமானி அறை நீண்ட காலம் வெள்ளையின ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. முன்னாள் வான்படை விமானியான மார்லன் கிரீன் 1957இல் காண்டினென்டல் நிறுவனத்திற்கு விண்ணப்பித்தார். படிவத்தில் இனத்தைக் குறிக்கும் கட்டத்தை அவர் நிரப்பவில்லை. நேர்காணலுக்கு அழைக்கப்பட்ட கறுப்பினத்தவரான அவர் தெரிவு செய்யப்படவில்லை. அவரை விடக் குறைந்த அனுபவமுடைய வெள்ளையினத்தவர்கள் சேர்க்கப்பட்டனர். கொலராடோ மாநிலப் பாகுபாட்டு எதிர்ப்பு ஆணையம், அடுத்த பயிற்சி வகுப்பில் அவருக்கே முதல் வாய்ப்பு அளிக்குமாறு ஆணையிட்டது. மாநிலங்களுக்கிடையே இயங்கும் நிறுவனத்தை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது என்னும் வாதத்தை 1963இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது. கிரீன் 1965இல் பணியில் சேர்ந்து 1978இல் ஓய்வு பெற்றார். 2010இல் அந்நிறுவனம் தன் வானூர்தி ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

இதற்கிடையில் 1964இல் டேவிட் ஹாரிஸ் அமெரிக்கன் நிறுவனத்தில் சேர்ந்து, பெரு நிறுவனமொன்றின் முதல் கறுப்பின விமானியானார். பெண்களில் எமிலி ஹவல் ஃபிரான்டியர் நிறுவனத்திலும், பானி டிபர்சி அமெரிக்கன் நிறுவனத்திலும் 1973இல் சேர்ந்தனர்.

பயிற்சி

புதியவர் நிறுவன நடைமுறைகள், வானூர்தி அமைப்புகள் ஆகியவற்றை வகுப்பறையில் கற்று, பின்னர் சிமுலேட்டரில் பயின்று, குறிப்பிட்ட வானூர்தி வகைக்கான தகுதியைப் பெறுகிறார். அதன்பின் பயணிகளுடனான உண்மைப் பறப்புகளை மேற்பார்வை விமானியின் கீழ் மேற்கொள்கிறார். முதல் ஆண்டு வழமையாகத் தகுதிகாண் காலமாகும். பணிமூப்பு எண் பெரும்பாலும் பயிற்சி வகுப்புத் தொடங்கும் நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒரு மாதம் முந்தைய வகுப்பில் இடம் கிடைப்பதும் முக்கியமானதே.

சேர்க்கையின் ஏற்ற இறக்கம்

சேர்க்கை பொருளாதாரச் சூழலுக்கேற்ப மாறுகிறது. செப்டம்பர் 11, 2001 தாக்குதல்களுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் பணியிழந்தனர். அவர்களுள் பலர் பல ஆண்டுகள் கழித்தே மீள அழைக்கப்பட்டனர். 2020ஆம் ஆண்டுக் கொரோனாப் பெருந்தொற்றின்போது பல மூத்த விமானிகள் முன்கூட்டியே ஓய்வு பெற்றனர். பயணம் மீண்டதும் நிறுவனங்கள் பெருமளவில் ஆள் சேர்த்தன. 2024இல் புதிய வானூர்திகள் வந்து சேர்வதில் ஏற்பட்ட தாமதம் முதலிய காரணங்களால் வேகம் குறைந்தது. ஒரே தகுதியுடைய இருவருள், சேர்க்கை மிகுந்த ஆண்டில் நுழைந்தவர் விரைவில் பட்டியலில் மேலேறுகிறார். அதன் முடிவில் நுழைந்தவர் அடுத்த ஆட்குறைப்பில் முதலில் பாதிக்கப்படுகிறார்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

1500 மணி நேர விதி உலகில் பரவலானதன்று. ஐரோப்பாவில் சில நூறு மணி நேரங்களுக்குள் பயிற்சி முடித்தவரும் பெரிய தாரை வானூர்தியில் துணை விமானியாகலாம். இந்தியாவில் வணிக விமானி உரிமத்திற்கு 18 அகவையும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும். அதன்பின் வானூர்தி வகைத் தகுதி பெற்றவர் நேரடியாக வான்சேவை நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரலாம்.