காணியும் சான்றும்: தமிழ்க் கிறித்தவத் தன்வரலாறுகளில் சோதனைக்குள்ளான நம்பிக்கை

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை அறியாத தமிழார்வலர் இலர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, குடவோலை முறைக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பெறுவன. வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராயிருத்தல் வேண்டும். தமக்குரிய மனையில் வீடு கட்டி வாழ்பவராயிருத்தல் வேண்டும் என்று அவை விதிக்கின்றன. அஃது அந்தணர் சபை. எனினும் அந்த விதியின் உட்பொருள் அவ்வூரோடு நின்றுவிடவில்லை. நிலமும் மனையும் உள்ளவனே சபையில் பேசத்தக்கவன் என்பது தொண்டை மண்டலத்தின் நெடுநாளைய வழக்காயிற்று. காணியற்றவன் சொல் அம்பலம் ஏறவில்லை.

இப்பின்னணியில் வைத்து நோக்கினால், தமிழ்க் கிறித்தவத் தன்வரலாறுகளுக்கு ஒரு தனிப்பொருள் கிடைக்கிறது. கிறித்தவ மரபில் தன் வாழ்வைச் சொல்லுதல் 'சாட்சி' எனப்படும். வழக்காடு மன்றச் சொல்லே வழிபாட்டு மன்றத்துக்கும் வந்தது. சாட்சி சொல்வதற்குக் காணி வேண்டுவதில்லை. கண்டதும் பட்டதும் போதும். ஆனால் அச்சாட்சியைச் சபை கேட்டதா என்பதே இவ்வரலாற்றின் நடுநாயகமான வினா.

சாட்சி இலக்கியத்தின் தொன்மை மேலைநாட்டில் அகஸ்தீனாரிடமிருந்து எண்ணப்படும். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான அவர், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் ஐயங்களையும் பிழைகளையும் இறைவனை முன்னிலைப்படுத்தி எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் ஜான் பனியன் பெட்போர்டுச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தார். அவருடைய ஆன்ம வரலாறு 1666-இல் வெளிவந்தது. இருள் முன்னும் ஒளி பின்னுமாக அமைவது இந்நூல்களின் பொதுநெறி. ஆனால் தமிழ் மண்ணில் வேறொன்று நிகழ்ந்தது. சோதனை திருமுழுக்கோடு முடியவில்லை. பலருக்கு அதன் பின்னரே தொடங்கிற்று. அதுவும் திருச்சபையின் உள்ளிருந்தே தொடங்கிற்று.

இதற்கு முதற்சான்று வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). நெல்லைச் சீமையிற் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் தஞ்சையில் வளர்க்கப்பெற்று, இரண்டாம் சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றவர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய அப்பெரும்புலவர், புதிதாக வந்த மிஷனரிமாரோடு மாறுபட்டு 1829-ஆம் ஆண்டளவில் தம் பணியையும் இழந்தார். பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றியது, திருமண இழவுச் சடங்குகளில் மலரை விலக்கியது, தமிழ்க் கீர்த்தனைகளை வழிபாட்டிலிருந்து நீக்கியது, சாதி வேற்றுமையின்றி ஒன்றாயிருக்கக் கட்டாயப்படுத்தியது ஆகியவற்றை அவர் கொடுமைகளென எழுதிவைத்தார்.

இந்நான்கனையும் ஒரே தட்டில் வைத்தல் இயலாது. முதல் மூன்றும் ஒரு தமிழ்ப் புலவனின் மொழியையும் இசையையும் பண்பாட்டையும் அயலார் அறியாது சிதைத்தமையைக் கூறுவன. இன்று படிப்பினும் நெஞ்சு வருந்தும். நான்காவதோ, வேளாளக் கிறித்தவர் தம் இருக்கையை ஒடுக்கப்பட்டோரோடு பகிர மறுத்த வழக்கிற்குப் பரிந்து நிற்பது. அநீதிக்கு ஆளான ஒருவர் பிறிதோர் அநீதிக்கு அரணாக நிற்கக்கூடும் என்பதனை அவர் எழுத்து மறைக்காமல் காட்டுகிறது. புலவரின் கீர்த்தனைகளைப் போற்றுவோர் இப்பகுதியைச் சொல்லாது கடப்பர். அது வரலாற்றுக்கும் அவருக்கும் செய்யும் நன்மையன்று.

அடுத்து நிற்பவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராய் அமர்ந்தவர். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். தாம் கிறித்தவரான வரலாற்றை அவர் பின்னாளில் எழுதினார். சுற்றத்தாரின் துயரும், பிறந்த மரபை விட்டு நீங்கும் நெஞ்சின் தயக்கமும் அவர் பட்ட சோதனைகள். பனியனின் பயண நூலைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் நூலாக வெளிவந்தது. சிறையிலிருந்த ஆங்கிலத் தொழிலாளி ஒருவனின் உரைநடை, கம்பனின் விருத்த நடையிற் காப்பியமாயிற்று. ஐயமும் இடரும் அங்கே உருவகம் பெற்றுப் பாத்திரங்களாக நடமாடுகின்றன.

சாஸ்திரியாரும் பிள்ளையும் எழுத்தறிவுடைய குடியினர். சொல்லுரிமை பிறப்பிலேயே வாய்த்தவர்கள். அதே நூற்றாண்டில் செங்கற்பட்டுச் சேரிகளில் கிறித்தவம் தழுவியோரின் நிலை வேறு. அவர்கள் வாழ்வை அவர்களே எழுதவில்லை. பிறர் எழுதிய அறிக்கைகளிலும் விண்ணப்பங்களிலுமே அவர்கள் காணப்படுகிறார்கள்.

அவற்றுள் தலையாயது, செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891-இல் பறையர் நிலை குறித்து எழுதிய குறிப்பு. மிராசுதாரரின் பிடி சேரியின் குடிசை மனைவரை நீண்டிருந்ததை அது எடுத்துரைத்தது. கூலி உயர்வு கேட்டாலும், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினாலும், மதம் மாறினாலும் மனையைவிட்டு எழுப்பிவிடுவோம் என்னும் அச்சுறுத்தலே ஆண்டைகளின் படைக்கலம். ஸ்காத்துலாந்து சுயாதீனச் சபையின் செங்கற்பட்டு மிஷனரியான ஆடம் ஆண்ட்ரூ, இவ்வழக்கை அரசின் முன்னும் இதழ்களிலும் ஓயாது எழுப்பினார். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அண்மையிலுள்ள மெல்ரோசாபுரம், நிலமற்றோர்க்கு நிலம் வேண்டும் என்ற அம்முயற்சியின் அடையாளம். 1892-இல் பிறந்த 1010-ஆம் அரசாணையின் வழியே பஞ்சமி நிலம் என்னும் ஏற்பாடு உருவாயிற்று. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் அவ்வாறு ஒதுக்கப்பட்டதெனக் கூறுவர். ஒதுக்கியது ஏட்டில், நிலத்திலோ அதிற் பெரும்பகுதி நாளடைவில் பிறர் கைக்குப் போயிற்று.

உத்திரமேரூர்க் கல்வெட்டு கேட்ட மனையும் நிலமுமே, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்குப் பின் அதே மாவட்டத்தின் சேரி மக்கள் கேட்ட மனையும் நிலமும். இடையில் மாறியது ஒன்றுண்டு: கேட்பதற்கு ஒரு குரல் கிடைத்தது. ஆயினும் அக்குரல் படர்க்கையிலேயே ஒலித்தது. 'அவர்கள்' என்று பிறர் எழுதினார்களேயன்றி, 'நான்' என்று அம்மக்கள் எழுதும் நாள் வரவில்லை. பின்னர் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத்தாருக்குரிய உரிமையை இந்து மதத்தினர்க்கு மட்டும் என வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதனுட் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத் தலித்துகள் சேர்க்கப்படவில்லை. ஊர் அவர்களைச் சாதியால் விலக்கிற்று. சட்டம் அவர்களை மதத்தால் விலக்கிற்று. திருச்சபையிலோ இருக்கையும் இடுகாடும் பிரிந்தே கிடந்தன.

'நான்' என்னும் அச்சொல் 1992-இல் வந்தது. பாமாவின் 'கருக்கு' அவ்வாண்டில் மதுரையிலிருந்து வெளியாயிற்று. 1958-இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர் பாமா. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கும் வேட்கையால் கன்னியர் மடத்திற் சேர்ந்து, ஏறத்தாழ ஏழாண்டுகளின் பின் அதே 1992-இல் வெளியேறினார். இருபுறமும் அரம்போல் அறுக்கும் பனைமட்டைக் கருக்கே நூலின் பெயர். விறகு பொறுக்கும் சிறுமியின் தோலைக் கீறிய கருக்கு அது. இருபுறமும் கருக்குள்ள வாளாக இறைவாக்கை உவமிக்கும் எபிரேயர் நிருபத்தையும் அப்பெயர் நினைவூட்டும்.

நூலில் ஒரு காட்சி. தெருவில் ஒரு பெரியவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையாற் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆண்டையின் பண்டத்தைத் தொட்டால் தீட்டு என்பதை அண்ணன் விளக்கிய பின்னரே அச்சிரிப்பு சினமாகிறது. பிற்பகுதியில் மடத்துக்குள்ளும் அதே நூற்பிடி வேறு வடிவில் காணப்படுகிறது. வறுமை விரதம் பூண்டவர் வளமாக உண்பதும், செல்வர் பிள்ளைகளுக்கே பள்ளி நடத்துவதும், கீழ்ப்படிதல் என்னும் அறம் கேள்வியை அடக்கும் கருவியாவதும் ஒளிவின்றிச் சொல்லப்படுகின்றன.

இங்கே ஐயத்தின் திசை மாறிவிடுவது நோக்கத்தக்கது. அகஸ்தீனார் தம்மை ஐயுற்றார். கிருஷ்ண பிள்ளை தம் பழைய மரபை ஐயுற்றார். பாமா ஐயுறுவதோ இறைவனின் பெயரால் நடைபெறும் நிறுவனத்தை. சிறுமியாயிருந்தபோது அச்சமாக ஊட்டப்பட்ட கடவுள், வளர்ந்தபின் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் இயேசுவாகத் தெளிவுபெறுகிறார். ஆகவே இந்நூலை நம்பிக்கையிழந்தவரின் நூல் என்பது பொருந்தாது. யோபுவைப்போல் வழக்காடுவதும் நம்பிக்கையின் ஒரு வகையே. வட்டார வழக்கில், காலவரிசையைப் பேணாது, பட்ட காயத்துக்கே திரும்பத் திரும்ப வரும் அதன் நடை, இருளினின்று ஒளிக்குச் செல்லும் பழைய சாட்சி நெறியை ஏற்க மறுத்தது. நூல் வந்த புதிதில் சொந்த ஊராரே சினந்து சில மாதம் அவரை ஊருக்குள் விடவில்லை. சாட்சிக்கு அவர் கொடுத்த விலை அது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-இல் வந்தபின் உலகம் அதனைக் கேட்டது.

அவருடைய தமையனாரான ஆய்வறிஞர் ராஜ் கௌதமன் (1950–2024), 2002-இல் 'சிலுவைராஜ் சரித்திரம்' என்னும் தன்வரலாற்று நாவலை எழுதினார். அதில் சோதனை வேலையின்மையாக வருகிறது. படித்த கிறித்தவத் தலித் இளைஞன், சான்றிதழ் ஒன்றுக்காக மதத்தை மாற்றிக்கொள்ள நேரும் அவலத்தை அந்நாவல் தன்னையே எள்ளும் நகையோடு சொல்கிறது. 1950-ஆம் ஆண்டின் ஆணை ஒரு மனிதனின் பெயருக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் என்ன செய்தது என்பதைச் சட்டநூல்களைவிட அது தெளிவாகக் காட்டும்.

'கருக்கு' வந்து இரண்டாண்டு கழிந்தது. மாமல்லபுரம் வட்டாரத்துக் காரணை என்னும் ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என இருவர் உயிர்நீத்தனர். ஒரு பெயர் விவிலியத்தினின்று வந்தது. மற்றொன்று திருவேங்கடத்தினின்று வந்தது. கேட்ட நிலம் ஒன்றே. 1892-இல் ஏட்டில் எழுதப்பட்டது 102 ஆண்டுக்குப் பின்னும் குருதி கொடுத்துக் கேட்கவேண்டியதாயிருந்தது. மடத்தை விட்டு வந்த பாமா ஆசிரியப் பணியாற்றிய இடமும், முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த உத்திரமேரூர் வட்டாரமே. நிலமும் மனையும் உள்ளவர்க்கே பேச்சுரிமை என்று கல்லிற் பொறித்த ஊரின் பக்கத்தில், இரண்டும் மறுக்கப்பட்டோர் வாழ்வை எழுதிய கை பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது.

சாஸ்திரியார் முதல் பாமா வரை இந்நூல்களை ஒருசேர வைத்துக் கற்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். தமிழ்க் கிறித்தவ எழுத்தில் நம்பிக்கைக்கு வந்த பெருஞ்சோதனை, இறைவன் உளனோ என்னும் தத்துவ ஐயமன்று. உடனிருப்பவன் தன்னை மனிதனாக மதிப்பானோ என்னும் ஐயம். அதற்கு விடை தர வேண்டிய பொறுப்பு சபையினுடையது, ஊரினுடையது, அரசினுடையது. கவிஞர்களுக்கும் அதிற் பங்குண்டு. கீர்த்தனையாகவும் காப்பியமாகவும் அச்சோதனையைப் பாடிய தமிழ், அதனைப் பட்டவர் தம் பேச்சிலேயே சொல்ல வந்தபோது, இஃது இலக்கியமா என்று முதலிற் கேட்டது. பின்னர் இடம் தந்தது. தாமதமாயினும் தமிழ் தந்த அவ்விடமும் ஒரு காணியே. அதைப் பேணுவது இலக்கியக் கழகங்களின் கடன்.