கச்சான் காத்தும் ஒரு மைக்கும்

தூத்துக்குடியில பிளஸ் டூ படிக்கிற தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, ரேடியோவுக்குப் போக என்ன படிக்கணும்?" இன்ஜினியரிங் படிச்சவன்கிட்ட கேக்குற கேள்வியா இது!

1995-லயே அலைவரிசை பொதுச்சொத்துன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா 2002-ல சமுதாய வானொலிக்கு அனுமதி கிடைச்சது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். 2004-ல சென்னையில அண்ணா எஃப்எம் வந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006-லதான் கதவு திறந்தது. அப்புறமும் பத்து வருஷம் போயி, 2016-ல, உங்க ஊருக்கு வடகிழக்கே பாம்பன்ல மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' 90.4 வந்துச்சு.

வானிலை அறிக்கையில வர்ற 'மேற்குக் காற்று'க்குக் கரையில 'கச்சான்'னு பேரு. அப்படிப் பேசத் தெரிஞ்ச குரல் எந்தக் காலேஜ்லயும் கிடைக்காது. உனக்கு வீட்லயே இருக்கு. எடிட்டிங் நான் சொல்லித் தர்றேன். முதல்ல தாத்தாவை ஒரு மணி நேரம் ரெக்கார்ட் பண்ணி அனுப்பு.