தருமத்துக்காக ஏறிய மேடை

ஜூபிலி மலர் என்றால் அதில் ஆலயம் எழுந்த வரலாறு இருக்கும். பங்குக்கு வந்து போன குருக்களின் வரிசை இருக்கும். மணி வாங்கிய ஆண்டும் கொடிமரம் நட்ட ஆண்டும் இருக்கும். ஆலயத்தின் ஓரத்தில் திருவிழாதோறும் பந்தற்கால் நட்டுக் கட்டிய நாடக மேடைக்கு மட்டும் வரலாறு எழுதுவாரில்லை. விடிந்ததும் பிரித்துவிடுகிற பொருளுக்கு என்ன வரலாறு என்று நினைக்கிறோம் போலும்! ஆயினும் நம் தமிழ்நாட்டுப் பங்குகளில் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றவும், புயலிலும் வெள்ளத்திலும் வீடிழந்தவருக்குக் கூரை போடவும், ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு உதவவும் பாட்டும் கூத்தும் போட்டே பலமுறை பணம் திரட்டியிருக்கிறோம். அந்த மேடையைப் பற்றிச் சில செய்திகளை இம்மலரில் பதிவு செய்வது முறையென்று எண்ணுகிறேன்.

தொடங்குமுன் ஓர் இடறலைச் சொல்லிவிட வேண்டும். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், தருமம் செய்யும்போது எக்காளம் ஊதாதே, வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்ற கருத்தில் ஆண்டவர் போதிக்கிறார். அங்கே வெளிவேடக்காரரைக் குறிக்க நற்செய்தியாளர் கையாளும் கிரேக்கச் சொல் ‘ஹிப்போகிரிட்டேஸ்’. அச்சொல்லின் முதற்பொருள் மேடை நடிகன் என்பதே. குருமடத்தில் கிரேக்கம் படித்தபோது இதைக் கேட்டவர் எவரும் மறந்திருக்கமாட்டார். தருமத்தைப் பற்றிப் பேசும் இடத்திலேயே ஆண்டவர் நடிகனைத் தவறான உதாரணமாகக் காட்டியிருக்க, நடிகனை வைத்துத் தருமம் செய்வது எப்படிப் பொருந்தும்?

திருச்சபை இக்கேள்வியை ஆதியிலிருந்தே அறிந்திருந்தது. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த தெர்த்துல்லியன் கேளிக்கைக் காட்சிகளைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். ஆனால் அதே திருச்சபை, தியோக்கிளேசியன் காலத்தில் உரோமை மேடையில் ஞானஸ்நானத்தை ஏளனம் செய்து நடித்துக்கொண்டிருந்தபோதே மனந்திரும்பி மறைசாட்சியானதாகச் சொல்லப்படும் ஜெனேசியுஸ் என்ற நடிகரைப் புனிதராகப் போற்றி, நடிகர்களுக்குப் பாதுகாவலராகவும் கொண்டது. பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் மடத்தில் பாஸ்கா விடியற்காலையில் துறவிகளே வானதூதராகவும், கல்லறைக்கு வந்த பெண்களாகவும் நின்று பாடினார்கள். ஐரோப்பாவின் சமய நாடகம் கோவிலுக்குள்ளிருந்தே வெளியே வந்தது என்பதற்கு இது சான்று. பிறகு 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்பு ஆணையில், பழம்பெருமை வாய்ந்த நாடகக்கலை இன்று தொடர்புக் கருவிகளின் வழியாக எங்கும் பரவுகிறது என்றும், அது மக்களின் பண்பாட்டுக்கும் ஒழுக்கத்துக்கும் பயன்பட முயலவேண்டும் என்றும் கூறப்பட்டிருக்கிறது. கைபேசி தோன்றாத காலத்தில் எழுதப்பட்ட வாக்கியம் அது!

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். தென்காசிக்காரருக்குப் பாட்டு நாடகம் வெளியூர்ச் சரக்கு அல்ல. தென்காசியை ஒட்டிய மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வழங்கிற்று. ஒரு நாடகம் பாடியதற்காக வயல் கிடைத்த ஊர் நம்முடையது! இரசிகமணி டி.கே.சி. அவர்கள் குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில் இந்நூலின் சுவையை வந்தவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். 1944-இல் ருக்மிணி தேவி அம்மையார் கலாக்ஷேத்திரத்தில் அரங்கேற்றிய முதல் நாட்டிய நாடகமும் இதுவே.

இந்தக் குறவஞ்சி வடிவம் கிறிஸ்தவர் கைக்கும் வந்தது. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் 1800-இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அவர் நம் பிரிந்த சகோதரருடைய சபையைச் சார்ந்தவர். அதனால் என்ன? திருச்சபையைத் தேவமோகினி என்ற தலைவியாகவும், விசுவாசத்தைக் குறிசொல்லும் குறத்தியாகவும் நிறுத்திய அந்தத் துணிவை நாம் மெச்சத்தான் வேண்டும். நம் கத்தோலிக்கத் தரப்பில், இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கும் குருக்கள்பட்டியில் 1714-15இல் மரண தண்டனைக்கு உள்ளாகித் தப்பிய வீரமாமுனிவர், தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. பெண்கள் பாடியாடும் அம்மானை வடிவில் கித்தேரியம்மாளின் வரலாற்றையும் பாடினார். புலவருக்கு ஒன்று, பாமரருக்கு ஒன்று என்று கொடுக்கத் தெரிந்த மகான் அவர்.

பாமரர் கைக்கு வந்தபின் இது வாசகப்பா ஆயிற்று. அர்ச். எஸ்தாக்கியார், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி, தேவசகாயம் பிள்ளை என்று புனிதர் கதைகளும் பக்திக் கதைகளும் விடிய விடிய ஆடப்பட்டன. ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் 1752 ஜனவரி 14 அன்று சுடப்பட்ட தேவசகாயத்தை உரோமை 2022 மே 15 அன்றுதான் புனிதராக அறிவித்தது. தென்பாண்டிச் சீமையின் மேடைகள் அதற்கு வெகுகாலம் முன்பே அவருக்கு முடிசூட்டிவிட்டன என்பேன்.

கடலுக்கு அப்பால் ஈழத்தில் இக்கலை இன்னும் செழிப்பாக வாழ்ந்தது. மன்னாரில் பல இரவுகள் நீண்டதை ‘நாடகம்’ என்றும், ஓரிரவுக்குள் சுருக்கியதை ‘வாசாப்பு’ என்றும் வழங்கினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் ஏடுகளைத் தேடியெடுத்து எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்களைப் பதிப்பித்ததால் அவை அழியாமல் தப்பின. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965-இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகங்களைப் போர்க்காலத்திலும் விடாமல் நடத்திற்று. நம் தமிழ்நாட்டில் திருச்சியில் 1977-இல் தோன்றிய கலைக்காவிரி பரதத்தையும் இசையையும் நற்செய்திப் பணிக்கு அழைத்தது.

இக்கூத்துகளின் உட்கூறு ஒன்றை இன்றைய வாலிபர் அறியவேண்டும். ஆடியவர்கள் உழவரும் மீனவரும் கூலிவேலை செய்தவருமே. ஏட்டைப் படித்துச் சொல்லிக்கொடுக்க அண்ணாவியார் ஒருவர் இருப்பார். எழுத்தறியாதவர்கூட நூற்றுக்கணக்கான விருத்தங்களைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தனர். அறுவடை முடிந்த மாதங்களில் இரவில் ஒத்திகை நடக்கும். ஊருக்குக் கொள்ளைநோய் வந்தால் நேர்ந்துகொண்டு ஆடியவரும் உண்டு. ஆடியவருக்குச் சம்பளம் கிடையாது. ராசா வேடம் கட்டியவர் மறுநாள் காலையில் வழக்கம்போல் மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். ஆகவே அவருடைய உழைப்பே முதல் காணிக்கை. அதற்குப் பிறகுதான் பணம்.

ஞானசவுந்தரி கதையைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்த அரசகுமாரிக்குத் தேவமாதா கைகளை மீட்டுக் கொடுக்கும் கதை இது. தூத்துக்குடியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் கத்தோலிக்கர் அல்லர். எனினும் அவர் எழுதிய நாடகங்களுள் இதுவும் ஒன்று. ஐயப்ப பக்தரான நவாப் ராஜமாணிக்கம் அவர்கள் இயேசுநாதர் வரலாற்றையே நாடகமாக்கி நடத்தினார். 1948-இல் ஞானசவுந்தரி கதையை ஜெமினி நிறுவனமும் சிட்டாடல் நிறுவனமும் ஒரே நேரத்தில் படமாக்கின. சிட்டாடல் படம்தான் வென்றது. அதில் தேவமாதாவை நோக்கி ஜிக்கியும் பி.ஏ. பெரியநாயகியும் பாடிய பாட்டு திரையிலிருந்து இறங்கி நம் கோவில்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா அவர்களையும் இங்கே நினைக்காமல் இருக்க இயலாது. ஒலிபெருக்கி பரவாத நாளில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரன் காதுக்கும் எட்டிய குரல் அது. 1906-இல் அவர் பிறந்த ஆகஸ்டு 25-ஆம் நாள், மேலே சொன்ன நடிகர் ஜெனேசியுஸின் திருநாள் என்பதைக் கவனித்து வியந்திருக்கிறேன்.

தரை டிக்கெட் என்றேன். ஆண்டவரின் எச்சரிக்கைக்கு நம் முன்னோர் கண்ட விடை அந்தத் துண்டுச் சீட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தரை, பெஞ்சு, நாற்காலி என்று சீட்டு வாங்கியவன் பிச்சை போடவில்லை. நாடகம் பார்க்க வந்தான். உதவி பெற்றவன் எவன் கையையும் பார்த்து நிற்கவில்லை. கொடுத்தவன் முகம் பெற்றவனுக்குத் தெரியாது. பெற்றவன் முகம் கொடுத்தவனுக்குத் தெரியாது. நடுவே எஸ்தாக்கியார் மாத்திரம் நின்று பாடிக்கொண்டிருந்தார். மேடையில் வேடம் கட்டியவன் இருந்தான். தருமத்தில் வேடம் இல்லை.

2020-ஆம் ஆண்டு இதையெல்லாம் நிறுத்திவிட்டது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் 5-ஆம் நாள் குருத்து ஞாயிறும் 12-ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவும் மக்களில்லாத ஆலயங்களில் நடந்தேறின. செருமனியின் ஓபராமர்காவ் கிராமத்தார் 1633-இல் கொள்ளைநோய் நீங்க நேர்ந்துகொண்டு 1634 முதல் ஆடிவரும் திருப்பாடுகளின் நாடகத்தையும், கொள்ளைநோய்க்கு அஞ்சியே 2022-க்குத் தள்ளிவைக்கும்படி ஆயிற்று. அப்போதுதான் உலகெங்கும் பங்குகளும் பாடகர் குழுக்களும் கைபேசியையே மேடையாக்கி, வேலை இழந்தோருக்கும் மருத்துவத்துக்கும் நிதி திரட்டின. 2020 ஏப்ரல் 18 அன்று கலைஞர்கள் தத்தம் வீடுகளிலிருந்தே பாடிய உலக நிகழ்ச்சி ஒன்றில் 12 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது.

இது எப்படி நடக்கிறது என்று முதியோர் சிலர் கேட்பதுண்டு. கைபேசி வழியாகப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து பாட முடியாது. ஒருவர் குரல் அடுத்தவரை அடைவதற்குள் ஒரு கணம் பிந்திவிடும்; தாளம் சிதறிவிடும். ஆகவே முதலில் ஒருவர் சுருதியும் தாளமும் பதிவு செய்து அனுப்புவார். மற்றவர்கள் அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்வார்கள். பிறகு ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்ப்பார். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010-லேயே பன்னிரண்டு நாடுகளைச் சேர்ந்த 185 குரல்களை இவ்வாறு இணைத்துக் காட்டினார். சேர்ப்பவர்தான் இந்தக் கூத்துக்கு அண்ணாவியார்! படுக்கையை விட்டு எழ முடியாத பாட்டியும், வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மகனும் ஒரே பாட்டில் பாட இது வழி செய்கிறது. பழைய மேடையால் ஆகாத காரியம் அது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அத்துண்டுச் சீட்டு போய்விட்டது. அதற்குப் பதிலாகத் திரையின் அடியில் கொடுத்தவர் பெயரும் தொகையும் ஓடத் தொடங்கின. நிகழ்ச்சி முடிந்ததும் அரிசிப்பையைப் பெற்றுக்கொள்ளும் விதவையை நிறுத்திப் படம் பிடித்து, அதை ஊரெல்லாம் அனுப்பும் வழக்கமும் கூடவே வந்தது. கணக்குக் காட்டத்தான் என்கிறார்கள். கணக்கு நோட்டில் காட்டலாம். ஓர் ஏழையின் முகத்திலா காட்டுவது? கற்சுவரில் நன்கொடையாளர் பெயரைச் செதுக்கும் பழக்கம் நமக்கு முன்பே உண்டு என்று சிலர் மறுமொழி சொல்வர். உண்மைதான். சுவரில் கொடுத்தவன் பெயர் மட்டுமே இருந்தது. வாங்கியவனை எவரும் செதுக்கவில்லை.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இக்காலத்தில் தரும நிகழ்ச்சி என்றாலே வெளியூர் இன்னிசைக் குழு, வண்ண விளக்கு, ஒலி அமைப்பு என்று வசூலில் பெரும்பகுதி மேடையிலேயே தீர்ந்துவிடுகிறது. மிஞ்சியது ஏழைக்கு. நம் பிள்ளைகளே பாடி நம் தையற்காரரே உடை தைத்தால் இந்த இழப்பு இராது. சுருதி சற்றுப் பிசகினால் பிசகட்டுமே.

இக்காரணங்களாலேயே ஜூபிலி நாடகத்துக்கு வெளிக்குழு வேண்டாமென்று விழாக் குழுவினரைக் கேட்டுக்கொண்டேன், அவர்களும் இசைந்தார்கள். மழலையர் முதல் மரியாயின் சேனையார் வரை நம்மவரே மேடையேறுகிறார்கள். ஊரிலில்லாதவர்கள் தங்கள் பாட்டைப் பதிவு செய்து அனுப்பலாம். நடுவில் திரை கட்டி அதைக் காட்ட வாலிபர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். சீட்டுக்கு ஒரே விலை. எல்லாருக்கும் தரைதான், முழங்கால் வலியுள்ளவர்களுக்கு மட்டும் நாற்காலி. சீட்டு விலைக்கு மேல் கொடுக்க விரும்புவோருக்காகப் பந்தல் வாசலில் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கும். அதன் அருகில் பெயர் எழுதும் நோட்டு வைக்கப்படமாட்டாது. வசூல் யாருக்குப் போகிறது என்பது பங்குப் பேரவையில் மூவருக்கு மட்டுமே தெரியும். அவர்களிடம் கேட்கவேண்டாமென்று பங்கு மக்களை அன்போடு வேண்டுகிறேன்.